ஜேம்ஸ் வில்சன்: சட்டஞ் செய்தவரும் கடனாளியும்

ஐக்கிய அமெரிக்காவின் தொடக்க வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் வாஷிங்டன், பிராங்கிளின், ஜெபர்சன், ஹமில்டன் ஆகியோரின் பெயர்களை எளிதில் மனத்திற் பதித்துக்கொள்கின்றனர். அவர்களுடைய காலத்தில் வாழ்ந்து, அந்நாட்டின் அரசியலமைப்பைத் தம் கையாலேயே எழுதிய ஜேம்ஸ் வில்சன் என்பாரின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. மிசன் பாடசாலையிற் படித்த காலத்தில், சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டோர் பட்டியலில் அப்பெயரை நானுங் கண்டதுண்டு. கண்டேனேயன்றி, அவர் யார், என்ன செய்தார், எப்படி மறைந்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் அரசியலமைப்பு வரலாற்றைப் படிக்கப் புகுந்த பின்னரே அவருடைய வாழ்க்கையை அறியும் வாய்ப்புக் கிட்டியது. அறிந்தபின் அதனை மறக்க முடியவில்லை.

1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனம், 1787ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஆகிய இரண்டிலும் கையொப்பமிட்டோர் ஆறு பேர் மட்டுமே. அவர்களுள் வில்சன் ஒருவர். நாட்டின் தலை நீதிமன்றமாகிய உயர் நீதிமன்றத்துக்கு வாஷிங்டன் முதன்முதலாகத் தெரிந்தெடுத்த நீதியரசர் அறுவருள்ளும் அவர் ஒருவர். அத்தகைய பெரியார், நீதியரசர் பதவியில் இருக்கும்போதே கடனுக்காக இருமுறை மறியலில் இருந்து, சொந்த ஊருக்குத் திரும்ப அஞ்சி, அயல் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் உயிர் நீத்தார். ஒரு தேசத்துக்குச் சட்டஞ் செய்துகொடுத்த அறிவு, தம் சொந்தக் கணக்கைச் சீர்செய்ய உதவாமற் போனது எப்படி? இக்கேள்வியே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

உழவர் வீட்டுப் பிள்ளை

வில்சன் 1742ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆந் திகதி ஸ்கொட்லாந்தின் பைவ் பகுதியிலுள்ள கார்ஸ்கேடோ என்னும் பண்ணையிற் பிறந்தார். பெற்றோர் உழுதுண்டு வாழ்ந்த எளிய மக்கள், சமயப்பற்று மிகுந்தவர்கள். தம் மகனைத் தேவாலயக் குருவாக்க வேண்டுமென்பதே அவர்களின் ஆசை. கூர்மையான மதியுடைய அப்பிள்ளைக்குச் சென் அன்று பல்கலைக்கழகத்திற் படிக்க உபகாரச் சம்பளங் கிடைத்தது. ஸ்கொட்லாந்தின் பல்கலைக்கழகங்கள் புதிய சிந்தனைகளால் ஒளிபெற்றிருந்த காலம் அது. மனித அறிவைப்பற்றித் தோமஸ் ரீட் என்னும் மெய்யியலாளர் வகுத்த கருத்துக்கள் பிற்காலத்தில் வில்சனின் சட்டச் சொற்பொழிவுகளுக்கு அடித்தளமாயின.

ஆயினும், குருத்துவக் கல்வி நடந்துகொண்டிருக்கும்போதே தந்தையார் காலமானார். படிப்பைத் தொடர வழியில்லை. கடல் கடந்து சென்றாற் பிழைக்கலாம் என்ற நம்பிக்கையுடன் வில்சன் 1765இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பிரித்தானியப் பாராளுமன்றம் குடியேற்ற நாடுகளின்மீது முத்திரை வரி விதித்த ஆண்டும் அதுவே. அதனால் எழுந்த கொந்தளிப்பு அடங்குமுன்னரே அவர் பிலடெல்பியா நகரை அடைந்தார்.

அங்குள்ள கல்லூரியில் இலத்தீன் மொழி கற்பிக்கும் வேலை கிடைத்தது. ஆனால், ஆசிரியத் தொழிலாற் பெரும்பொருள் ஈட்ட முடியாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். குடியேற்ற நாடுகளில் மதிப்பும் வருமானமும் தரும் தொழில் நியாயவாதித் தொழிலே. எனவே, அந்நகரின் புகழ்பெற்ற நியாயவாதியான ஜோன் டிக்கின்சன் என்பாரிடம் மாணாக்கராகச் சேர்ந்து சட்டம் பயின்றார். 1767இல் நியாயவாதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டார். முதலில் ரெடிங் என்னும் ஊரிலும், பின்னர் 1770 முதல் கார்லைல் என்னும் எல்லைப்புற ஊரிலும் தொழில் நடத்தினார்.

கார்லைல் பகுதியிற் குடியேறியோரிற் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வந்த ஸ்கொட்லாந்து வழியினர். காடு வெட்டிக் கழனியாக்கிய அம்மக்களிடையே எல்லைப் பிணக்குக்கும் உறுதிப் பிணக்குக்கும் குறைவில்லை. காணி வழக்கு நடத்துவதில் வில்சன் வல்லவரானார்; கையிற் பணமுஞ் சேர்ந்தது. 1771இல் இரும்பு வார்ப்பாலை உடைமையாளர் ஒருவரின் மகளான ரேச்சல் பேர்ட் என்னும் நங்கையை மணந்து ஆறு பிள்ளைகளுக்குத் தந்தையானார்.

இக்காலத்திலேயே மற்றொன்றுந் தொடங்கியது. இன்று சில வெள்ளிக்கு வாங்கும் காணி, ஐந்து ஆண்டு சென்றபின் பன்மடங்கு விலைபோவதை வழக்குக் கட்டுகளிலேயே அவர் நாள்தோறும் கண்டார். பிறருடைய காணிகளுக்காக வாதாடியவர், தாமுங் காணி வாங்கத் தொடங்கினார். கையிலிருந்த பணம் போதாதபோது கடன்பட்டு வாங்கினார். சிறிதாகத் தொடங்கிய இவ்வழக்கம் அவருடைய வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை.

விடுதலைக்கு ஒரு வாக்கு

1774இல் வில்சன் வெளியிட்ட ஒரு சிறு நூல் அவரை நாடறியச் செய்தது. அதனை அவர் 1768ஆம் ஆண்டளவிலேயே எழுதி வைத்திருந்தார். பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குக் குடியேற்ற நாட்டு மக்கள் உறுப்பினரைத் தெரிவு செய்வதில்லை; தாம் தெரிவு செய்யாத சபை தமக்குச் சட்டமியற்றுவது நீதியன்று; ஆதலால், பாராளுமன்றத்துக்கு அவர்கள்மீது எவ்வித அதிகாரமும் இல்லை; அரசர் ஒருவரே இருநாட்டுக்கும் பொதுவான தொடர்பு என்பது அதன் சாரம். வரி விதிக்கும் உரிமை மட்டுமே பிழை என்று பலர் வாதாடிய காலத்தில், சட்டமியற்றும் உரிமையே இல்லை என்று கூறத் துணிந்தவர் ஒரு சிலரே. அரசாங்கத்தின் அதிகாரம் முழுவதும் ஆளப்படும் மக்களின் சம்மதத்திலிருந்தே பிறக்கின்றது என்ற கொள்கையை அவர் இறுதிவரை கைவிடவில்லை.

1775இல் பென்சில்வேனியாவின் பிரதிநிதிகளுள் ஒருவராக அவர் கண்ட மகாசபைக்குச் சென்றார். 1776 யூன் மாதத்தில் சுதந்திரத் தீர்மானம் வந்தபோது வில்சன் உடனே வாக்களிக்க விரும்பவில்லை. தம்மை அனுப்பிய மக்களின் கட்டளை இன்னும் வரவில்லை. அதுவரை பொறுத்திருக்க வேண்டும் என்று வாதாடினார். இதனைக் கோழைத்தனம் என்று சிலர் பழித்தனர். மக்களின் சம்மதமே அதிகாரத்தின் ஊற்று என்று எழுதியவர், அச்சம்மதத்துக்காகக் காத்திருந்ததிற் புதுமையில்லை.

யூலை 2ஆந் திகதி வாக்கெடுப்பு வந்தது. பென்சில்வேனியாவின் பிரதிநிதிகளுள் பிராங்கிளின், ஜோன் மோட்டன், வில்சன் ஆகிய மூவரும் சுதந்திரத்துக்குச் சார்பாக வாக்களித்தனர். இருவர் எதிர்த்தனர். வேறிருவர் சபைக்கு வராது விலகிநின்றனர். அவ்விருவருள் ஒருவர் வில்சனுக்குச் சட்டங் கற்பித்த டிக்கின்சன். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கிற் பென்சில்வேனியா சுதந்திரத்தின் பக்கஞ் சேர்ந்தது. தம் ஆசான் செல்லாத வழியில் மாணாக்கர் சென்றார். அந்த ஒரு வாக்கு மாறியிருப்பின், குடியேற்ற நாடுகளின் நடுவிலிருந்த அப்பெரிய மாநிலம் அன்று மறுபக்கம் நின்றிருக்கும்.

வீடே கோட்டையான நாள்

சுதந்திரம் பெற்றபின் பென்சில்வேனியா தனக்கென வகுத்துக்கொண்ட அரசியலமைப்பை வில்சன் கடுமையாக எதிர்த்தார். அதில் ஒரே சபையே இருந்தது. அச்சபையைத் தடுத்துநிறுத்த வேறு அதிகாரம் எதுவும் இல்லை. தடையில்லாத அதிகாரம் மக்களுடைய பெயரால் நடந்தாலும் தீமையே செய்யும் என்பது அவர் கருத்து. இதனால் 1777இல் மகாசபையில் தம் இடத்தை இழந்தார். மறு ஆண்டு பிலடெல்பியாவிற் குடியேறினார்.

அங்கு அவர் செய்த ஒரு காரியம் அவருக்குப் பெரும் பகையைத் தேடித்தந்தது. பிரித்தானியருக்குத் துணைபோனார்கள் என்று தேசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பட்டோருக்காக அவர் நீதிமன்றத்தில் வாதாடினார். போர்க்காலத்தில் அத்தகையோருக்காகப் பேச யாரும் எளிதில் முன்வரமாட்டார்கள். எவ்வளவு வெறுக்கப்பட்டவனாயினும் அவனுக்குச் சட்டத்தின் காப்பு உண்டு என்பதை வில்சன் வாயளவில் மட்டுமன்றிச் செயலிலுங் காட்டினார்.

1779இல் பிலடெல்பியாவிற் பண்டங்களின் விலை வானளாவ ஏறியது. காகிதப் பணத்தின் மதிப்பு வீழ்ந்தது. வணிகரும் அவர்தம் நண்பருமே பொருளைப் பதுக்குகின்றனர் என்ற கோபம் ஏழை மக்களிடையே மூண்டது. ஒக்டோபர் 4ஆந் திகதி ஆயுதந்தாங்கிய படைத்தொண்டர் கூட்டமொன்று வில்சனின் வீட்டை நோக்கித் திரண்டது. வில்சனும் நண்பர்களும் கதவடைத்து உள்ளே நின்றனர். துப்பாக்கிச் சமர் நடந்தது. வீட்டினுள் நின்ற கப்டன் ரொபேட் கம்பெல் என்பாரும், வெளியே நின்றோரிற் சிலரும் மாண்டனர். மாநிலத் தலைவர் ஜோசப் ரீட் குதிரைப்படையுடன் வந்து கூட்டத்தைக் கலைத்த பின்னரே வில்சன் உயிர்தப்பினார். அன்றுதொட்டு அவ்வீட்டுக்கு வில்சன் கோட்டை என்ற பெயர் வழங்கலாயிற்று.

அரசியலமைப்பின் சிற்பி

1787ஆம் ஆண்டு கோடைகாலத்தில் பிலடெல்பியாவிற் கூடிய அரசியலமைப்புப் பேரவையே வில்சனுடைய வாழ்வின் உச்சம். அவ்வவையில் அவர் 168 முறை பேசினார் என்று கணக்கிட்டிருக்கின்றனர். அவரிலும் மிகுதியாகப் பேசியவர் கூவர்னர் மொறிஸ் ஒருவரே. 81 வயது நிரம்பிய பிராங்கிளின் எழுதிக் கொணர்ந்த உரைகளை எழுந்துநின்று படித்துக் கொடுத்தவரும் வில்சனே.

யூன் மாதத் தொடக்கத்தில், ஆட்சித்துறைக்கு ஒருவரே தலைவராக இருக்க வேண்டும் என்று அவர் பிரேரித்தார். அவை சிறிது நேரம் வாய்திறவாது இருந்தது. அப்பதவிக்கு வரக்கூடியவர் யாரென்பது எல்லார்க்குந் தெரியும். அவர் அவைத்தலைவராக அங்கேயே அமர்ந்திருந்தார். அந்தச் சனாதிபதியை மக்களே நேராகத் தெரிவு செய்ய வேண்டும் என்றும் வில்சன் கேட்டார். மற்றையோர் அதனை ஏற்கவில்லை. அதன்பின்னரே வாக்காளர் குழுவொன்றின் மூலம் தெரிவு செய்யும் முறையை அவர் முன்வைத்தார். முதலில் மறுக்கப்பட்ட அம்முறைக்கு ஒப்பான ஏற்பாடொன்று பேரவையின் முடிவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிரதிநிதிகள் சபையைப் போல மூதவையையும் மக்களே தெரிவு செய்ய வேண்டும் என்று அவர் வாதாடியதும் அன்று பயனளிக்கவில்லை. 1913இல் அரசியலமைப்பைத் திருத்திய பின்னரே அவ்வுரிமை அமெரிக்க மக்களுக்குக் கிடைத்தது. அவர் கேட்டதை நாடு பெறுவதற்கு 126 ஆண்டுகள் சென்றன.

யூலை மாத இறுதியில், அதுவரை செய்த தீர்மானங்களை ஒழுங்குபடுத்திச் சட்டவடிவாக்க ஐவர் கொண்ட குழுவொன்று நியமிக்கப்பட்டது. வில்சன் அதில் ஓர் உறுப்பினர். அக்குழுவின் வரைவு அவருடைய கையெழுத்திலேயே இன்றும் பேணப்படுகின்றது. அரசரின் பெயராலோ மாநில அரசுகளின் பெயராலோ தொடங்காது, மக்களின் பெயரால் அவ்வரைவு தொடங்குகின்றது.

இவ்வளவு பெருமையுடன் ஒரு சிறுமையையுஞ் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. தென்மாநிலங்களில் இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் அடிமைகளாயிருந்தனர். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆயினும், ஒரு மாநிலத்துக்குரிய பிரதிநிதிகளின் தொகையைக் கணக்கிடும்போது அடிமைகள் ஐவரை மூவராகக் கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை 1787 யூன் 11ஆந் திகதி அவையிற் பிரேரித்தவர் வில்சன். தென்மாநிலங்களை ஒன்றியத்துள் வைத்திருப்பதற்காகச் செய்த சமரசம் அது. அடிமைமுறை இயற்கை நீதிக்கு முரணானது என்று பின்னர்ச் சட்ட விரிவுரைகளிற் கூறியவரும் அவரே. அவர் செய்த சமரசம் அடிமைகளின் எசமானருக்கு அரசியலில் மேலதிகப் பலத்தைக் கொடுத்து, பல்லாண்டுகள் நிலைத்து, 1860களில் உள்நாட்டுப் போரின் பின்னரே ஒழிந்தது. மக்கள் என்ற சொல்லை எல்லாரினும் உரக்கச் சொன்னவர், அச்சொல்லுக்குள் எல்லா மக்களையும் அடக்கவில்லை.

அரசியலமைப்பைப் பென்சில்வேனியா ஏற்கச் செய்வதிலும் வில்சனே முன்னின்றார். 1787 ஒக்டோபர் 6ஆந் திகதி அரச மாளிகை முற்றத்திலே திரண்டிருந்த மக்களுக்கு அவர் ஆற்றிய உரை நாடெங்குமுள்ள பத்திரிகைகளில் மறுபதிப்பாகியது. டிசெம்பர் 12ஆந் திகதி மாநிலப் பேரவை 46 வாக்குக்கு 23 என்ற கணக்கில் அதனை ஏற்றது. அதே மாத இறுதியில், அவர் முன்னாளில் வாழ்ந்து தொழில் நடத்திய கார்லைல் ஊரிலேயே எதிர்ப்பாளர் அவருடைய கொடும்பாவியை எரித்தனர்.

நீதியரசர்

புதிய அரசாங்கம் அமைந்தபோது, உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் பதவியைத் தமக்குத் தருமாறு வில்சன் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். வாஷிங்டன் அப்பதவியை ஜோன் ஜே என்பாருக்கு அளித்து, வில்சனை நீதியரசர்களுள் ஒருவராக 1789இல் நியமித்தார். அதற்கு ஆண்டுச் சம்பளம் 3,500 டொலர். மறு ஆண்டு பென்சில்வேனியா தன் அரசியலமைப்பை மாற்றியமைத்தபோது, வில்சன் விரும்பியவாறே இரு சபைகள் அமைந்தன.

1790 டிசெம்பர் மாதம் பிலடெல்பியாக் கல்லூரியில் சட்டத்தைப்பற்றிய அவருடைய விரிவுரை வரிசை தொடங்கியது. முதல் நாளில் சனாதிபதி வாஷிங்டனும் அவருடைய பாரியாரும் உப சனாதிபதி அடம்சும் வந்திருந்தனர். முப்பது ஆண்டுகளுக்குமுன் உபகாரச் சம்பளத்திற் படித்த உழவர் மகன், நாட்டின் தலைவர்கள் கேட்டிருக்கச் சட்டங் கற்பித்தார். 1793இல், ஒரு மாநில அரசாங்கமே கடன்பட்டாலும் அதன்மீது வழக்குத் தொடரலாம் என்ற தீர்ப்பில், ஜோர்ஜியா மாநிலத்துக்கு எதிராக நின்ற நீதியரசர்களுள் அவரும் ஒருவர். நேர்மையான தனியொருவன் கடனை இறுக்கக் கடமைப்பட்டவனானால் மாநிலமும் அவ்வாறே கடமைப்பட்டது என்பது அவர் கொண்ட நியாயம். இத்தீர்ப்பினால் வெகுண்ட மாநிலங்கள் 1795இல் அரசியலமைப்பைத் திருத்தி அதனை மாற்றின. கடனைப்பற்றி இவ்வாறு தீர்ப்பளித்த வேளையில், அவருடைய சொந்தக் கடன் கழுத்தளவுக்கு வந்திருந்தது.

காணியாசை

அக்காலக் காணி வியாபாரம் நடந்த முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். போரின் பின்னர் மாநில அரசாங்கங்களிடம் பணமில்லை. காடுகள் மட்டும் எல்லையின்றிக் கிடந்தன. சிறிது முற்பணங் கொடுத்துப் பெருந்தொகை ஏக்கருக்கு உரிமைப் பத்திரம் பெறலாம். அப்பத்திரத்தை ஈடுகாட்டி மேலுங் கடன்பட்டு இன்னொரு காடு வாங்கலாம். ஐரோப்பாவிலிருந்து குடியேறுவோர் வந்து விலைகொடுத்து வாங்கும்போது எல்லாக் கடனும் தீரும் என்பது கணக்கு. அவர்கள் வரத் தாமதித்தால் வட்டி மட்டும் வளரும்.

வில்சன் இவ்வியாபாரத்தில் ஆழக் கால் வைத்தார். பூர்வ குடிகளிடமிருந்து தனியார் நேராக வாங்கிய பெரும் நிலப்பரப்புக்கு உரிமை கோரிய இலினோய் – வபாஷ் கம்பனிக்குத் தலைவரானார். வட அமெரிக்க வங்கியின் இயக்குநராயும் சட்ட ஆலோசகராயும் இருந்துகொண்டே அதனிடம் கடன்பட்டார். மனைவியின் சகோதரர் மார்க் பேர்ட் என்பாருடன் சேர்ந்து டெலவேயர் நதிக்கரையில் ஆலைகள் நடத்தினார். 1786இல் மனைவி ரேச்சல் காலமானார். சிறிது காலத்தில் மார்க் பேர்ட் கடனில் முறிந்து வட கரோலினாவுக்குப் போய் ஒதுங்கினார். கண்முன்னே நடந்த இதைப் பார்த்தும் வில்சன் நிறுத்தவில்லை. ஒல்லாந்து நாட்டு முதலாளிகளின் பணத்தை நம்பி மேலும் மேலுங் காணி வாங்கினார்.

1795 சனவரியில் ஜோர்ஜியாச் சட்டசபை யாசூ என்னும் பகுதியில் ஏறத்தாழ 35,000,000 ஏக்கர் நிலத்தை 500,000 டொலருக்கு நான்கு கம்பனிகளுக்கு விற்றது. வாக்களித்த உறுப்பினரில் ஏறக்குறைய எல்லாருக்கும் அக்கம்பனிகளிற் பங்கு கொடுக்கப்பட்டிருந்தது வெளியானபோது மக்கள் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டே அவ்விற்பனையைப் புதிய சட்டசபை செல்லாததாக்கியது. அக்கம்பனிகளிற் பங்கு வாங்கியோருள் நீதியரசர் வில்சனும் இருந்தார். என்றேனும் தம் நீதிமன்றத்தின் முன்னர் வழக்காக வரக்கூடிய ஒரு விவகாரத்தில் நீதியரசரே பங்காளியானது பெருந்தவறு.

1793இல் ஐரோப்பாவில் மூண்ட போரால் குடியேற வருவோர் தொகை குறைந்தது. ஒல்லாந்துப் பணமும் வற்றியது. 1797இல் இங்கிலாந்து வங்கி தன் தாள்களுக்குப் பொன் கொடுப்பதை நிறுத்தியபோது அமெரிக்க வணிகம் முழுவதும் நடுங்கியது. கடன் கொடுத்தோர் எல்லாரும் ஒரே வேளையிற் கேட்டனர். காணியுண்டு, வாங்குவாரில்லை, பத்திரமுண்டு, பணமில்லை. பேராசை பெருநட்டம் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது அந்நாட்டிலும் மெய்யாயிற்று.

இறுதி நாட்கள்

அந்நாளைய சட்டப்படி, கடன் கொடுத்தவன் நீதிமன்றத்தில் முறையிட்டால் கடனாளியைப் பிடித்து மறியலில் வைக்கலாம். பணத்தைக் கட்டும்வரை, அல்லது கடன்கொடுத்தவன் இரங்கும்வரை விடுதலையில்லை. 1797இல் வில்சன் பிலடெல்பியாவை விட்டு வெளியேறினார். நியூ ஜேர்சி மாநிலத்துப் பேர்லிங்டன் என்னும் ஊரிற் பிடிபட்டுச் சிறைப்பட்டார். மகன் பேர்ட் வில்சன் அலைந்து திரிந்து அவரை மீட்டார்.

பின்னர் வில்சன் தெற்கு நோக்கிச் சென்று, வட கரோலினாவின் எடென்டன் என்னும் சிற்றூரை அடைந்தார். அது அவருடன் உயர் நீதிமன்றத்தில் அமர்ந்த நீதியரசர் ஜேம்ஸ் ஐர்டெலின் ஊர். ஆயினும், அங்கும் கடன் அவரைத் தொடர்ந்தது. 1798இல் பியேர்ஸ் பட்லர் என்பார் 197,000 டொலர் கடனுக்காக அவரை மறுபடியும் சிறைப்படுத்துவித்தார். அப்பட்லர் யார்? 1787ஆம் ஆண்டுப் பேரவையில் வில்சனுடன் இருந்து அதே அரசியலமைப்பிற் கையொப்பமிட்டவர். அவ்வொருவருக்குரிய கடனை மட்டும் அடைப்பதற்கே நீதியரசரின் 56 ஆண்டுச் சம்பளமும் போதாது.

இத்தனைக்கும் அவர் தம் பதவியைத் துறக்கவில்லை. யாரும் அவரை விலக்கவுமில்லை. நாட்டின் உயர் நீதியரசர் ஒருவர் சிறையிலிருந்தார் என்பதே அமெரிக்கச் சரித்திரத்தில் ஒரு விந்தை.

துன்பத்தில் அவரைக் கைவிடாதவர் அவருடைய இரண்டாவது மனைவி ஹன்னா. பொஸ்டன் நகரைச் சேர்ந்த அந்த இளம்பெண்ணை 1793இல் அவர் மணந்தபோது அவளுக்கு வயது 19. வாழ்வைக் காண வந்தவள் வறுமையையே கண்டாள். ஆயினும், எடென்டனுக்கு வந்து கணவருடன் தங்கினாள். 1798 யூலையில் வில்சனை மலேரியாக் காய்ச்சல் பற்றியது. அதிலிருந்து தேறுமுன்னரே பாரிசவாதமும் தாக்கியது. ஓகஸ்ட் 21ஆந் திகதி, 55ஆவது வயதில் அவர் காலமானார். ஐர்டெலின் மைத்துனருக்குச் சொந்தமான தோட்டத்து இடுகாட்டில் அவரை அடக்கஞ் செய்தனர். அவர் கட்டியெழுப்பிய அரசாங்கத்தின் மரியாதை எதுவும் அவ்விடத்துக்கு வரவில்லை.

பின்னர் நடந்தவை

அவர் மறைந்தபின் நடந்த சில செய்திகள் சிந்திக்கத்தக்கவை. அவரிடம் சட்டம் பயின்ற புஷ்றட் வாஷிங்டன், சனாதிபதி வாஷிங்டனின் சகோதரர் மகன், அவருடைய நீதியரசர் இடத்துக்கு நியமிக்கப்பட்டார். கடனில் முறிந்தோருக்கு ஒரே சீரான சட்டமியற்றும் அதிகாரத்தை மகாசபைக்கு வழங்கியது வில்சன் வரைந்த அரசியலமைப்பு. ஆனால், அவ்வதிகாரத்தின்படி முதற் சட்டம் 1800இலேயே பிறந்தது. வில்சனைப் போலவே இரு ஆவணங்களிலும் ஒப்பமிட்டு, காணி வியாபாரத்தால் முறிந்து, பிலடெல்பியாச் சிறையில் இருந்த பெருஞ் செல்வர் ரொபேட் மொறிஸ் என்பாரின் வாழ்வில் அச்சட்டம் பயன்பட்டது. 1801இல் அவர் விடுதலையானார். வில்சனுக்கு அது இரண்டு ஆண்டு பிந்திவிட்டது. இலினோய் – வபாஷ் கம்பனியின் உரிமைக் கோரிக்கையோ 1823இல் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பினாலேயே வீழ்ந்தது. வில்சன் முன்னர் அமர்ந்திருந்த அதே நீதிமன்றம், அவர் நம்பியிருந்த உறுதிகள் செல்லா என்று தீர்த்தது.

மகன் பேர்ட் வில்சன் தந்தையின் விரிவுரைகளையும் எழுத்துக்களையும் திரட்டி 1804இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். தந்தையைச் சிறையிலிருந்து மீட்ட அதே கைகள், தந்தையின் அறிவை மறதியிலிருந்தும் மீட்டன. பின்னர் அவர் நீதிபதியாயிருந்து, இறுதியிற் குருத்துவத் தொழிலை மேற்கொண்டார். கார்ஸ்கேடோப் பண்ணையில் ஒரு தாயும் தந்தையும் தம் மகனைப்பற்றிக் கண்ட கனவு பேரனில் நிறைவேறியது. 1906இல் வில்சனின் எச்சங்களை எடென்டனிலிருந்து எடுத்துவந்து, பிலடெல்பியாவின் கிறைஸ்ட் தேவாலயத்தில் அரச மரியாதையுடன் அடக்கஞ் செய்தனர். வீடு திரும்ப அவருக்கு 108 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

நாம் கொள்ளவேண்டியது

இவ்வாழ்க்கையைப் படித்தபின், கடன்படுதல் தீது என்ற ஒரு வரியோடு நிறுத்திவிட என் மனம் இடந்தரவில்லை. அதனை அறிய அமெரிக்காவரை போகவேண்டியதில்லை. நம் வீட்டுப் பெரியோரே சொல்லுவர்.

வில்சன் அதிகாரத்தைப்பற்றி ஒன்றை நன்கறிந்திருந்தார். எந்த அதிகாரமும் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளாது. அதற்கு எதிரே இன்னோர் அதிகாரம் நின்று, போதும் என்று சொல்ல வேண்டும். அதற்காகவே ஒற்றைச் சபையை எதிர்த்தார். இரு சபை கேட்டார். ஆட்சித்தலைவரையும் நீதிமன்றத்தையும் தனித்தனியே நிறுத்தினார். ஆனால், ஆசையும் ஓர் அதிகாரமே என்பதை அவர் கருதவில்லை. அவருடைய சொந்த வாழ்வில் ஒரே சபைதான் இருந்தது. அங்கு ஆசை தீர்மானித்தது. மறுத்துரைக்க எதுவும் இல்லை. நண்பரின் எச்சரிக்கைக்கோ, மைத்துனரின் வீழ்ச்சிக்கோ, தம் பதவியின் மாண்புக்கோ அங்கு வாக்குரிமை கிடைக்கவில்லை. நாட்டுக்கு வகுத்த விதியைத் தமக்கும் வகுத்திருந்தால், எடென்டன் அவருக்கு ஏற்பட்டிராது.

மற்றொன்று பெரியோருக்கும் உரியது. ஒருவர் வீழ்ந்தவுடன் அவர் செய்த நன்மையையும் சேர்த்துப் புதைத்துவிடுவது உலக வழக்கம். வில்சனின் பெயர் நூறாண்டு மங்கியிருந்ததற்கு அவருடைய கடனே காரணம். எனினும், மக்களே அரசாங்கத்தின் ஊற்று என்ற அவருடைய கொள்கை கடனோடு அழியவில்லை. மூதவையைத் தெரிவு செய்ய வாக்குச்சாவடிக்குச் செல்லும் ஒவ்வோர் அமெரிக்கனும் அவர் கேட்ட உரிமையையே பயன்படுத்துகின்றான். சனாதிபதியை மக்கள் நேராகத் தெரிவு செய்யவேண்டும் என்ற அவருடைய வேண்டுகோள் அந்நாட்டில் இன்னும் நிறைவேறவில்லை. அதைப்பற்றி இன்றும் வாதாடுகின்றனர்.

பட்டமும் பதவியும் பெறும் காலம் நம் இளைஞர் பலருக்கு அண்மையில் வரும். கல்வி நமக்குப் பிறருடைய வழக்கைத் தீர்க்கும் திறமையைத் தரும். நம் உள்ளத்து வழக்கைத் தீர்க்கும் நீதிபதியை நாமே நியமித்துக்கொள்ள வேண்டும். அதனைக் கல்லூரி செய்துதராது. ஜேம்ஸ் வில்சனின் பெருமையையும் வீழ்ச்சியையும் ஒருங்கே நினைவிற் கொள்வோருக்கு அவர் வாழ்க்கை வீண்போகவில்லை.